என் லாக் எங்கே போனது? பைத்தான் செயலிகளின் லாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மூன்று மாதங்களில் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். லாக் என்றால், ஒரு நிரல் ஓடும்போது என்ன நடந்தது என்று தானே எழுதி வைக்கும் குறிப்பு. லினக்ஸ் சர்வரில் ஓடும் பைத்தான் இணையச் செயலிதான் இங்கே உதாரணம். ஜாவாவில் எழுதுகிறவர்களுக்குப் பெயர்கள் மாறும், தொல்லைகள் அதேதான். எனக்கு அடிபட்ட இடங்களில் பதில் நீளும், மற்ற இடங்களில் சுருங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாக் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

மரக்கட்டையிலிருந்து. பாய்மரக் கப்பலில் வேகத்தை அளக்க, முடிச்சுகள் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்புறமாகக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையைத் தாண்டி ஓடுகின்றனவோ அதுதான் வேகம். கப்பலின் வேகத்தை இன்றும் நாட் (முடிச்சு) கணக்கில் சொல்வது அதனால்தான். அந்த அளவுகளைக் குறித்து வைத்த புத்தகம் லாக் புத்தகம் ஆயிற்று. நம் ஊரில் இதற்கு நெருங்கிய சொந்தம், காவல் நிலையத்தில் இருக்கும் பொது நாட்குறிப்பு. நடந்ததை நடந்த வரிசையில், நேரம் போட்டு எழுதிக்கொண்டே போவார்கள். ‘பதிவு’ என்று எழுதலாம்தான். ஆனால் திருமணப் பதிவும் பத்திரப் பதிவும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. எனவே இங்கே லாக் என்றே எழுதுகிறேன்.

பிரிண்ட் போட்டாலே போதாதா?

உங்கள் மடிக்கணினியில், பத்து நிமிட வேலைக்குப் போதும். சர்வரில் போதாது. பிரிண்ட் போட்ட வரியில் நேரம் இருக்காது, எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது இருக்காது, அவசரமானதா சாதாரணமானதா என்பதும் இருக்காது. எல்லாவற்றையும்விட, அதை அணைக்க முடியாது. வரிகளை நீக்கிவிட்டுத்தான் நிரலை சர்வருக்கு அனுப்புகிறோம். பிழை வருகிறது. மறுபடி பிரிண்ட் சேர்த்து அனுப்புகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிழை ஒரு வாரத்துக்குத் தலைகாட்டுவதில்லை.

பைத்தானின் லாகிங் மாட்யூல் 2003-இல் 2.3 பதிப்போடு வந்தது. ஜாவா உலகின் லாக்4ஜே அமைப்பைப் பார்த்து வடிவமைத்தது. அதனால்தான் ‘கெட்லாகர்’ போன்ற பெயர்களில் நடுவே ஒரு பெரிய எழுத்து துருத்திக்கொண்டு நிற்கிறது. பைத்தான் வழக்கம் அது இல்லை.

பிரிண்ட் போட்டதுதான், ஆனால் சர்வரில் வரிகள் தாமதமாக வருகின்றனவே?

திரையில் எழுதும்போது பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ளும். வெளியீடு ஒரு கோப்புக்கோ குழாய்க்கோ போகிறது என்று தெரிந்தால், ஓர் அளவு சேரும்வரை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். அதற்குள் நிரல் திடீரென்று கொல்லப்பட்டால் கடைசி வரிகள் அதோடு போய்விடும். நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிகள்தான். பைத்தானை ‘மைனஸ் யூ’ கொடுத்து இயக்கினால் இந்தச் சேமிப்பு நிற்கும். லாகிங் மாட்யூலின் ஸ்ட்ரீம்ஹேண்ட்லர் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் தானே வெளியே தள்ளிவிடுகிறது என்பதால் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

லாகர், ஹேண்ட்லர், ஃபார்மேட்டர்: இவற்றில் எது எது?

லாகர் என்பது உங்கள் நிரல் பேசும் வாய். ஹேண்ட்லர், பேசியதை எங்கே கொண்டு சேர்ப்பது என்று தெரிந்த ஆள்: கோப்பு, திரை, வலையமைப்பு. ஃபார்மேட்டர் வரியின் தோற்றத்தை முடிவு செய்வது. ஃபில்டர் நடுவில் நின்று ‘இதை விடு, இதை விடாதே’ என்பது.

லாகர்களின் பெயர்கள் புள்ளியிட்ட குடும்ப மரம். ‘கடை.பில்.வரி’ என்ற லாகருக்குத் தாய் ‘கடை.பில்’, பாட்டி ‘கடை’, எல்லோருக்கும் மேலே ரூட். குழந்தை பேசுவது தாயின் ஹேண்ட்லர்களுக்கும் போகும், பாட்டியின் ஹேண்ட்லர்களுக்கும் போகும். இந்த ஒரு வாக்கியம் மனத்தில் பதிந்தால், ஒரே வரி ஏன் பல முறை வருகிறது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்த மாட்யூலின் பெயரிலேயே ஒரு லாகரை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஹேண்ட்லர்களைச் செயலி தொடங்கும் இடத்தில், ஒரே இடத்தில், ரூட்டுக்கு மட்டும் மாட்டுங்கள். நீங்கள் எழுதுவது பிறர் பயன்படுத்தும் நூலகம் என்றால் ஹேண்ட்லர் எதையும் மாட்டாதீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி நாற்காலிகளை இடம் மாற்றக் கூடாது.

இன்ஃபோ வரி எழுதினேன். எங்கும் வரவில்லையே?

லாக் வரிகளுக்கு டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல் என்று ஏறுவரிசையில் ஐந்து நிலைகள் உண்டு; எதை எப்போது எழுதுவது என்று பிறகு சொல்கிறேன். உங்கள் வரி வராததற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது, ரூட் லாகரின் தொடக்க நிலை வார்னிங். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் இன்ஃபோவும் டீபக்கும் வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, லாக்கை ஒரே அழைப்பில் அமைத்துத் தரும் ‘பேசிக்கான்ஃபிக்’ என்ற செயற்கூறு. ரூட்டுக்கு ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் இது ஒன்றும் செய்யாமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிவிடும். உங்களுக்கு முன்னால் அந்த ஹேண்ட்லரை மாட்டியது யார்? எங்கோ ஒரு நூலகம் மாட்யூலின் பெயரிலேயே நேரடியாக ‘லாகிங்.இன்ஃபோ’ என்று அழைத்திருக்கும். அந்த அழைப்பு பின்னணியில் தானாகவே பேசிக்கான்ஃபிக்கைக் கூப்பிடும். 3.8 பதிப்பிலிருந்து ‘ஃபோர்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதைக் கொடுத்தால் பழைய ஹேண்ட்லர்களை அகற்றிவிட்டு உங்கள் அமைப்பை வைக்கும்.

மூன்றாவதுதான் பலரை ஒரு நாள் முழுக்க அலைக்கழிப்பது. அமைப்பை ஓர் அகராதியாக எழுதி ‘டிக்ட்கான்ஃபிக்’ மூலம் கொடுக்கிறீர்கள். அதில் ‘ஏற்கெனவே உள்ள லாகர்களை முடக்கு’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு ‘ஆம்’. அந்த நொடிக்கு முன் உருவாகியிருந்த, உங்கள் அகராதியில் தன் பெயரோ தாய், பாட்டி பெயரோ இல்லாத லாகர்கள் எல்லாம் (ரூட் தவிர) ஊமையாகிவிடும். அதை எப்போதும் ‘இல்லை’ என்று எழுதுங்கள். இதைத் தொடக்க மதிப்பாக ‘ஆம்’ என்று வைத்த முடிவை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஒரே வரி இரண்டு முறை, மூன்று முறை வருகிறதே?

குழந்தைக்கும் ஹேண்ட்லர் மாட்டி ரூட்டுக்கும் மாட்டியிருப்பீர்கள். மேலே சொன்ன குடும்ப மரத்தின்படி வரி இரண்டு இடத்துக்கும் போகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போனால், ஹேண்ட்லரை மாட்டும் வரியை அடிக்கடி அழைக்கப்படும் ஒரு செயற்கூறுக்குள் வைத்திருக்கிறீர்கள். வரியைத் தாய்க்குக் கடத்தும் ‘ப்ரொபகேட்’ அமைப்பை அணைத்தும் இதைச் சரிசெய்யலாம் என்பார்கள். அது பிறகு டெஸ்ட் எழுதும்போது பழிவாங்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல்: எதை எப்போது எழுதுவது?

எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 10, 20, 30, 40, 50. இந்தப் படிநிலை யோசனைக்கு ஒரு மூத்தவர் உண்டு. 1980-களில் எரிக் ஆல்மன், தன்னுடைய சென்ட்மெயில் அஞ்சல் நிரலுக்காக சிஸ்லாக் என்ற லாக் முறையை உருவாக்கினார். அதில் எட்டு நிலைகள். 0 என்றால் இயந்திரமே பயன்படுத்த முடியாத நெருக்கடி, 7 என்றால் டீபக். பைத்தானில் எண் கூடக் கூட ஆபத்து கூடும். சிஸ்லாக்கில் எண் குறையக் குறையக் கூடும். இரண்டையும் இணைக்கும்போது தலைகீழாக வடிகட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

ஆவணங்கள் தரும் விளக்கம் எனக்கு உதவியதில்லை. நான் கேட்பது ஒரே கேள்வி: இந்த வரியைப் பார்த்து யார் என்ன செய்ய வேண்டும்?

எரர் என்றால் ஒரு பயனருடைய வேலை கெட்டுவிட்டது. இன்று யாராவது பார்க்க வேண்டும். வார்னிங் என்றால் வேலை நடந்துவிட்டது, ஆனால் நடந்த விதம் சரியில்லை; மூன்றாவது முயற்சியில்தான் வங்கி பதில் சொன்னது என்பது போல. இந்த வாரத்துக்குள் பார்க்கலாம். இன்ஃபோ என்பது கடையின் குறிப்பேடு: ஆர்டர் வந்தது, பணம் வந்தது, பொருள் போனது. யாரும் எதுவும் செய்ய வேண்டாம். டீபக் உங்களுக்கு மட்டும். கிரிட்டிக்கல் என்றால் தொலைபேசி அடிக்க வேண்டும். தொலைபேசி அடிக்கத் தகுதியில்லாத எதற்கும் அந்தச் சொல்லை வீணாக்காதீர்கள்.

பயனர் தவறான கடவுச்சொல் கொடுத்தால் அது எரரா? இல்லை. செயலி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. இன்ஃபோ போதும். ஒரே நிமிடத்தில் ஒரே முகவரியிலிருந்து ஐந்நூறு முறை வந்தால் வார்னிங். இப்படிப்பட்டவற்றையெல்லாம் எரர் என்று எழுதி வைத்த ஒரு செயலியை நான் ஏற்றுக்கொண்டபோது, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான எரர் வரிகள் வந்துகொண்டிருந்தன. ஒருவரும் பார்ப்பதில்லை. உண்மையான எரர் ஒன்று நான்கு நாட்களாக அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

நல்ல லாக் வரி எப்படி இருக்கும்?

‘பணம் செலுத்துவதில் தோல்வி’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. ‘பணம் செலுத்துவதில் தோல்வி: ஆர்டர்=48213 காரணம்=பதில்வரவில்லை காத்தநேரம்=30வி முயற்சி=3/3’ என்று இருந்தால், சம்பவம் நடந்தபோது அந்த இடத்தில் இல்லாத ஒருவருக்கும் கதை புரியும். வாசிக்கப் போகிறவர் எப்போதும் அப்படிப்பட்டவர்தான். எழுதியவர் விடுப்பில் இருப்பார், அல்லது வேறு நிறுவனத்தில் இருப்பார்.

மாறாத சொற்களை முன்னால் வையுங்கள், மாறும் மதிப்புகளைப் பின்னால். அப்போதுதான் ‘பணம் செலுத்துவதில் தோல்வி’ என்று தேடி எண்ண முடியும். எண்ணை வாக்கியத்தின் நடுவில் செருகினால் தேடல் சிக்கலாகும். வேலை தொடங்குவதற்கு முன் ‘செய்யப் போகிறேன்’ என்றும் முடிந்த பிறகு ‘செய்துவிட்டேன்’ என்றும் இரண்டு வரி எழுதும் பழக்கத்தை, வெளி சேவைகளைக் கூப்பிடும் இடங்களில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் வரி மட்டும் இருந்து இரண்டாவது இல்லாமல் போவதே ஒரு செய்தி. மற்ற இடங்களில் முடிந்த பிறகு ஒரு வரி போதும்.

எக்ஸெப்ஷனை (நிரல் ஓடும்போது எழும் பிழையை) எப்படி எழுதுவது?

‘லாகர்.எக்ஸெப்ஷன்’ என்ற அழைப்பை எக்ஸெப்ட் பகுதிக்குள் பயன்படுத்துங்கள். எரர் நிலையில், ட்ரேஸ்பேக் (பிழை எந்தெந்த வரிகள் வழியே வந்தது என்ற பட்டியல்) முழுவதையும் சேர்த்து எழுதும். பிழையின் செய்தியை மட்டும் எழுதுகிறவர்கள் அதிகம். ‘கீ எரர்: பெயர்’ என்று தனியாக ஒரு வரி நிற்கும், எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று யாருக்கும் தெரியாது.

பிடித்து, எழுதி, மறுபடி மேலே எறிவதும் வேண்டாம். மேலே இருப்பவரும் பிடித்து எழுதுவார், அவருக்கு மேலே இருப்பவரும் எழுதுவார். ஒரு பிழை மூன்று பிழைகளாகத் தெரியும். கையாளுகிறவரே எழுத வேண்டும்; கையாளாதவர் மேலே அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். யாருமே பிடிக்காமல் நிரலைக் கவிழ்க்கும் பிழைகளுக்கு ‘சிஸ்.எக்ஸெப்ட்ஹூக்’ இருக்கிறது. த்ரெட்களுக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைகளுக்கு) தனியாக ஒன்று 3.8-இல் வந்தது. இரண்டையும் மாட்டிவிடுங்கள்.

லாக் வரிகளைத் தமிழில் எழுதலாமா? தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றனவே?

நீங்கள் தமிழில் எழுதாவிட்டாலும் தமிழ் வந்தே தீரும். பயனர் தன் பெயரைத் தமிழில் தருவார், முகவரியில் தெருப்பெயர் தமிழில் இருக்கும். எனவே இதைச் சரிசெய்வது எல்லோருக்கும் வேண்டிய வேலை.

விண்டோஸில் கோப்பு ஹேண்ட்லரை உருவாக்கும்போது குறிமுறையைச் சொல்லாவிட்டால், கணினியின் வட்டார அமைப்பில் உள்ள பழைய குறிமுறையில் கோப்பைத் திறக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. அப்போது நிரல் நிற்காது; ‘லாகிங் எரர்’ என்று ஒரு புலம்பல் எரர் வெளியீட்டுக்குப் போகும், அந்த வரி மட்டும் கோப்பில் ஏறாது. தமிழ்ப் பெயர் உள்ள வாடிக்கையாளர்களின் வரிகள் மட்டும் காணாமல் போவதை யார் எப்போது கவனிப்பார்கள்? தமிழையும் ஏற்கும் குறிமுறையான யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பேசிக்கான்ஃபிக்கிலேயே அதைச் சொல்லும் வசதி 3.9-இல் வந்தது.

நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு சோதனை. பைத்தானின் ஜேசன் மாட்யூல், நீங்கள் தடுக்காவிட்டால், ஆங்கில எழுத்து அல்லாத ஒவ்வொரு குறியையும் பின்சாய்கோட்டில் தொடங்கும் ஆறெழுத்துச் சங்கேதமாக மாற்றிவிடும். ‘அம்மா’ என்பது யூனிகோடில் ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். யூடிஎஃப்-8இல் 15 பைட். சங்கேதமானால் 30 பைட். இடம் போகட்டும், ‘அம்மா’ என்று தேடினால் கிடைக்காது என்பதுதான் வலி. ‘என்ஷூர் ஆஸ்கி’ என்ற தேர்வை அணைத்தால் தமிழ் தமிழாகவே நிற்கும்.

செய்தியையே தமிழில் எழுதலாமா என்றால், குழுவில் எல்லோரும் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களாக இருந்தால் தாராளமாக எழுதலாம். இல்லையென்றால் தேடுகிறவர் தவிப்பார். நான் மாறாத சொற்களை ஆங்கிலத்தில் எழுதி, பயனர் தந்ததை அப்படியே விடுகிறேன்.

நேரத்தை இந்திய நேரத்தில் போடலாமா, யூடிசி-யா?

யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அந்த அரை மணிதான் மனக்கணக்கைக் கெடுப்பது. ஒரு சர்வர் மும்பையில், இன்னொன்று சிங்கப்பூரில், தரவுத்தளத்தின் லாக் யூடிசியில் என்றால் எது முதலில் நடந்தது என்று சொல்வதற்குள் பொழுது விடிந்துவிடும். பைத்தானின் தொடக்க வடிவம் உள்ளூர் நேரத்தை, எந்த நேர மண்டலம் என்று சொல்லாமல் எழுதும். ஃபார்மேட்டரின் ‘கன்வெர்ட்டர்’ பண்பை மாற்றி யூடிசி ஆக்கி, நேரத்தின் முடிவில் அதைக் காட்டும் குறியையும் சேருங்கள். பழைய சிஸ்லாக் வடிவம் இன்னும் மோசம். அதில் ஆண்டே கிடையாது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் அதைத் திருத்தியது.

செயலியே கோப்பில் எழுத வேண்டுமா?

முடிந்தால் வேண்டாம். வெளியீட்டில் எழுதிவிட்டு, அதைப் பிடித்து வைக்கும் வேலையை லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடமோ, டாக்கர் போன்ற கன்டெய்னர் அமைப்பிடமோ விட்டுவிடுங்கள். சிஸ்டம்டியின் ஜர்னல், கோப்பு முறைமையில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி என்று தானே எல்லை போட்டுக்கொள்ளும். ஒரே சேவை 30 நொடிக்குள் 10,000 வரிகளுக்கு மேல் கொட்டினால் மீதியை எறிந்துவிட்டு, எறிந்த எண்ணிக்கையை மட்டும் ஒரு வரியாகச் சொல்லும். ‘என் லாக் எங்கே போனது’ என்று கேட்கிறவர்கள் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கோப்பில்தான் எழுத வேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை. ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லர், கோப்பு குறித்த அளவைத் தொட்டதும் பெயரை மாற்றிவிட்டுப் புதியதைத் திறக்கும். ஒரே ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) எழுதும்வரை அருமை. பைத்தான் இணையச் செயலியை ஓட்டும் கூனிகார்ன், செயலியின் நான்கு பிரதிகளை (வொர்க்கர்களை) ஓட்டும்போது ஒருவர் பெயரை மாற்றிவிடுவார். மற்ற மூவரும் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். பிறகு அவர்களும் தனித்தனியே மாற்றுவார்கள். வரிகள் அழியும். பைத்தான் ஆவணமே இது ஆதரிக்கப்படவில்லை என்கிறது. சுழற்சியை லினக்ஸின் லாக்ரொடேட்டிடம் கொடுத்துவிட்டு, செயலியில் வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லரை வையுங்கள். கோப்பு மாறியதைக் கவனித்துப் புதியதைத் தானே திறந்துகொள்ளும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது. லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லையே?

இந்தக் கேள்விக்கு என் தலைமுடி கொஞ்சம் விலையாகப் போயிருக்கிறது. ஒரு முன்பதிவுத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு முந்தைய வாரம். நொடிக்கு 40 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி, வரிக்கு 200 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை ஜிபி. யாரோ ஒரு சந்தேகத்தைத் தீர்க்க டீபக்கைத் திறந்து, மூட மறந்துவிட்டார். ஐந்து வரி அறுபது வரியானது. நாளொன்றுக்கு 41 ஜிபி. எங்கள் டிஸ்க்கே 40 ஜிபிதான். இரவு இரண்டு மணிக்கு தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றது.

நான் செய்த முதல் காரியம், லாக் கோப்பை அழித்தது. டிஸ்க் இன்னும் 100 விழுக்காடு நிறைந்திருப்பதாகவே காட்டியது. கோப்பகங்களின் அளவைக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. பேய் பிடித்தது போல இருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸில் அழிப்பது என்றால் பெயரை நீக்குவது மட்டுமே. ஒரு ப்ராசஸ் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். செயலி பெயரில்லாத அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். செயலியை நிறுத்தித் தொடங்கினால் இடம் விடுபடும். அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டிக்கொடுக்கும்.

ஆகவே அழிக்காதீர்கள், கோப்பை அதன் இடத்திலேயே வைத்து ‘ட்ரன்கேட்’ கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். பைத்தானின் கோப்பு ஹேண்ட்லர் இறுதியில் சேர்க்கும் முறையில் திறப்பதால், அடுத்த வரி கோப்பின் தொடக்கத்திலிருந்து ஒழுங்காக ஏறும். லாக்ரொடேட்டில் ‘காப்பிட்ரன்கேட்’ என்ற தேர்வு செய்வதும் இதைத்தான். ஆனால் நகலெடுத்து முடிப்பதற்கும் வெட்டுவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதப்படும் வரிகள் போய்விடலாம். அந்த இரவுக்குப் பிறகு லாக்குக்குத் தனி பார்ட்டிஷன் ஒதுக்காத சர்வரை நான் ஏற்பதில்லை.

டாக்கரில் இந்தத் தொல்லை இல்லைதானே?

இருக்கிறது. டாக்கரின் வழக்கமான ஜேசன் கோப்பு லாக் டிரைவர், நீங்கள் சொல்லாதவரை எதையும் சுழற்றாது, வளர்ந்துகொண்டே போகும். அளவு வரம்பும் கோப்பு எண்ணிக்கையும் கொடுங்கள், அல்லது ‘லோக்கல்’ டிரைவருக்கு மாறுங்கள். அது ஒரு கன்டெய்னருக்கு 100 எம்பி என்று தொடக்கத்திலேயே வரம்பு வைத்திருக்கிறது.

வேறொரு நிரலை ஓட்டுகிறேன். அதன் வெளியீட்டை என் லாக்கில் பிடிப்பது எப்படி?

சப்ப்ராசஸ் மாட்யூலில் குழாய் வைத்து, வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் லாகரிடம் கொடுங்கள். குழாயை வைத்துவிட்டுப் படிக்காமல் ‘வெயிட்’ என்று காத்திருந்தால், லினக்ஸில் குழாயின் 64 கிலோபைட் நிறைந்ததும் அந்த நிரல் உங்களுக்காகக் காத்திருக்கும், நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்கள். சிறிய கோப்புகளில் சோதித்தபோது ஓடியது பெரிய கோப்பில் உறைந்து நிற்பது இதனால்தான். எரர் வெளியீட்டை வழக்கமான வெளியீட்டோடு இணைத்துவிட்டால் ஒரே குழாயைப் படித்தால் போதும். காணொளிகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் போன்றவை முன்னேற்றத்தை எரர் வெளியீட்டில், புதிய வரி போடாமல் அதே வரியின் தலைக்குத் திரும்பித் திரும்பி எழுதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லாக்கில் எதை எழுதவே கூடாது?

கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண், ஆதார் எண், டோக்கன். வந்த கோரிக்கையை முழுவதுமாக எழுதிவிடும் ஒரே ஒரு வரி போதும், இவை அனைத்தும் உள்ளே வந்துவிடும். பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 2018 மே மாதம், ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. கடவுச்சொல்லை ஹாஷ் செய்து (திரும்ப மீட்க முடியாத சங்கேதமாக மாற்றி) முடிப்பதற்கு முன்பே அது உள் லாக்கில் அப்படியே எழுதப்பட்டுவந்தது. அதே வாரத்தில் கிட்ஹப்பும் தன் பயனர்களில் சிலருக்கு அதுபோலச் சொல்ல வேண்டியிருந்தது. ஹேண்ட்லரில் ஒரு ஃபில்டரை வைத்து மறைக்கலாம். அது பாதுகாப்பு வலை மட்டுமே. எழுதாமல் இருப்பதுதான் வேலை.

பயனர் தந்த எழுத்தில் புதிய வரிக் குறி இருந்தால் அவர் உங்கள் லாக்கில் பொய்யான ஒரு வரியையே உருவாக்கிவிட முடியும். ஜேசனில் எழுதினால் அந்தக் குறி சங்கேதமாகிவிடும் என்பதால் இந்த ஓட்டை அடைபடும்.

இதைவிடப் பெரிய பாடத்தை உலகம் 2021 டிசம்பரில் படித்தது. ஜாவாவின் லாக்4ஜே 2, லாக் செய்தியினுள் இருக்கும் ஒரு வகைக் குறியீட்டைக் கண்டால் அதை விரித்து, அது சுட்டும் வெளி சர்வரிலிருந்து நிரலைக் கொண்டுவந்து இயக்கும் நிலையில் இருந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி தட்டினாலே சர்வர் கைமாறியது. ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து. முதல் திருத்தமான 2.15.0 போதாமல் அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன. அக்கறையாக எல்லாவற்றையும் லாக் செய்தவர்களே அதிகம் மாட்டிக்கொண்டார்கள் என்பது அதிலிருந்த கசப்பான வேடிக்கை.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் இது உங்கள் விருப்பம் மட்டும் அல்ல. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஆணை வெளியிட்டது. லாக்குகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர்களின் கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது.

நடைமுறையில் நான் செய்வது: இரண்டு வாரம் உடனே தேடக்கூடிய இடத்தில், மீதி சுருக்கப்பட்டு மலிவான சேமிப்பில். லாக் நன்றாகச் சுருங்கும். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பத்தில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம்.

ஒரு கோரிக்கை ஐந்து சேவைகளைக் கடந்து போகிறது. எப்படித் தொடர்வது?

வாசலிலேயே அதற்கு ஓர் அடையாள எண் கொடுத்து, ஒவ்வொரு சேவைக்கும் கடத்தி, ஒவ்வொரு வரியிலும் அச்சிடுங்கள். பைத்தானில் கான்டெக்ஸ்ட்வேர்ஸ் மாட்யூலில் அதை வைத்துக்கொண்டு, ஒரு ஃபில்டர் மூலம் வரிகளில் ஏற்றலாம். லாக்குகளை ஓரிடத்தில் சேர்க்க எலாஸ்டிக்சர்ச் வேண்டுமா, லோக்கி வேண்டுமா என்பது பணத்தையும் ஆளையும் பொறுத்தது. முன்னது எல்லாச் சொற்களையும் அட்டவணைப்படுத்தும், அதற்கேற்ற நினைவகம் கேட்கும். பின்னது வரிகளுக்கு நாம் ஒட்டும் சீட்டுகளை (லேபிள்களை) மட்டும் அட்டவணைப்படுத்தும். அடையாள எண் இல்லாமல் இரண்டில் எதை வாங்கினாலும் வீண் செலவு.

லாக் எழுதினால் செயலி மெதுவாகுமா?

ஆகலாம். மதிப்புகளை வரிக்குள்ளேயே செருகும் எஃப்-ஸ்ட்ரிங்கில் நீங்களே வரியைக் கோத்துக் கொடுத்தால், அந்த நிலை அணைந்திருந்தாலும் கோக்கும் செலவு உண்டு. விழுக்காடு குறி வைத்து மதிப்புகளைத் தனியாகக் கொடுத்தால் தேவைப்பட்டால்தான் கோக்கும். வலையமைப்பு வழியே அனுப்பும் ஹேண்ட்லரை நேரடியாக மாட்டாமல், 3.2-இல் வந்த க்யூஹேண்ட்லர் வழியாக வேறு த்ரெட்டிடம் தள்ளுங்கள்.

டெஸ்டில் ஒரு வரி எழுதப்பட்டதா என்று பார்ப்பது எப்படி?

டெஸ்ட் கருவிகளான பைடெஸ்டில் ‘கேப்லாக்’, யூனிட்டெஸ்டில் ‘அசெர்ட்லாக்ஸ்’. கேப்லாக் ரூட்டில் ஹேண்ட்லரை மாட்டித்தான் பிடிக்கிறது. மேலே சொன்ன ப்ரொபகேட்டை அணைத்திருந்தால் வரி ரூட்டை எட்டாது, டெஸ்ட் தோற்கும், நீங்கள் நிரலைச் சந்தேகிப்பீர்கள். எல்லா வரிகளுக்கும் டெஸ்ட் எழுத வேண்டாம். கடவுச்சொல் லாக்கில் இல்லை என்பதற்கு ஒன்று கட்டாயம் எழுதுங்கள்.

கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையில் லாக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நள்ளிரவுக்கு மேல் ஒன்றுமே வருவதில்லையே?

சிறிய எஃப் கொடுத்திருக்கிறீர்கள். அது கோப்பைப் பின்தொடரும்; நள்ளிரவில் லாக்ரொடேட் பெயரை மாற்றிய பிறகும் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய எஃப் கொடுங்கள். அது பெயரைப் பின்தொடரும்.